ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்த நுரையீரலுக்கு எந்தப் பரிசோதனை?

“இருபது வருஷமா கூரை ஷீட் அறுத்திருக்கேன், பழைய கட்டடம் இடிச்சிருக்கேன். எனக்கு இப்ப ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா கூட வேலை பார்த்த அண்ணன் நெஞ்சுல தண்ணி கோத்துப் படுத்துட்டாரு. நானும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடவா?”

கட்டட வேலையில் நெடுங்காலம் இருந்தவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிற கேள்வி இது. பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ‘நல்லா இருக்கும்போது எதுக்குக் கிளறணும்’ என்பார் ஒருவர். ‘இருக்கிறதிலேயே பெரிய ஸ்கேனை எடுத்துடு, நிம்மதியா இருக்கலாம்’ என்பார் இன்னொருவர். இரண்டும் அரைகுறைப் பதில்கள். எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் சோதனை, குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எதுவும் செய்யாமல் காத்திருப்பது என்று முன்னால் இருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைப் பார்க்கின்றன. எந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடித்தால் உங்களுக்கு உண்மையிலேயே பலன் உண்டு என்று முதலில் பார்க்க வேண்டும். கருவியைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகுதான்.

‘நான் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கவில்லையே’ என்று இங்கேயே விலகிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. பிரிட்டனில் 1940களில் பிறந்த தச்சர்களை ஆராய்ந்து 2009இல் ஒரு முடிவு வெளியானது. 30 வயதுக்குள் பத்தாண்டுக்கு மேல் இந்தத் தூசியில் வேலை செய்த தச்சர்களில் 17 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வாழ்நாளில் வரக்கூடும் என்றது அது. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பெயின்டர்களுக்கு 50இல் ஒருவர். மற்றக் கட்டடத் தொழிலாளர்களுக்கு 125இல் ஒருவர். இவர்களில் யாரும் தங்களை ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி என்று நினைத்துக்கொண்டவர்கள் அல்லர். பலகையை அறுத்தார்கள், சுவரில் துளை போட்டார்கள், குழாயைச் சுற்றியிருந்த பழைய உறையைப் பிய்த்தார்கள். அவ்வளவுதான்.

தூசி உள்ளே போய் என்ன செய்கிறது

ஆஸ்பெஸ்டாஸ் ஒரு கனிமம். தமிழில் கல்நார் என்பது அதற்குப் பொருத்தமான பெயர்: கல்தான், ஆனால் நாராகப் பிரியும். உடைக்க உடைக்க நீளவாக்கில் பிளந்து மெலிந்துகொண்டே போகும். காற்றில் இதை அளக்கும் ஆய்வகங்கள் 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீளமும் 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் உள்ள இழைகளையே எண்ணுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த அளவில்தான் அது காற்றறைகள் வரைக்கும் போய்ச் சேரும். அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. இழை தங்களைவிட நீளமாக இருப்பதால் விழுங்கி முடிக்க முடியாமல் சிதைகின்றன; சுற்றிலும் புண்ணாகிறது. இழை கரையாது, அழுகாது. அதனால் அந்தப் புண் ஆறி முடிவதே இல்லை.

இதிலிருந்து கிளம்புபவை ஒரே நோயின் படிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தனித்தனி.

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் கெட்டியான தழும்புத் திட்டுகள் உண்டாகலாம். பிளாக் என்பார்கள். தூசி பட்டு 20 ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பாலும் தெரியவரும். இவை புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ‘இந்த உடம்புக்குள் இழை போயிருக்கிறது’ என்பதற்கு அவை சாட்சி. பல ஆண்டுகள் கடுமையான தூசியில் இருந்தவர்களுக்கு நுரையீரலின் திசுவே தழும்பேறி விறைத்துப்போவது ஆஸ்பெஸ்டோசிஸ். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில் தொடங்கி மெல்ல மெல்ல முற்றும். மூன்றாவது, நுரையீரல் புற்றுநோய். புகைபிடிப்பவருக்கு வருவதும் இதே புற்றுதான். நான்காவது மீசோதீலியோமா. நுரையீரலின் உறையிலோ வயிற்றின் உறையிலோ வரும் இந்தப் புற்று, தூசி பட்டு 20 முதல் 50 ஆண்டுகள் வரை சத்தமில்லாமல் இருந்துவிட்டு வருவது. ஆப்பிரிக்காவின் தெற்கில் நீலக்கல்நார் வெட்டிய பகுதியிலிருந்து 33 பேரின் விவரத்தை வாக்னர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1960இல் வெளியிட்ட பிறகுதான் இதற்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் உள்ள உறவு மருத்துவ உலகுக்கு உறுதியானது.

இப்போது கணக்கைப் போடுங்கள். தழும்புத் திட்டைக் கண்டுபிடித்தால் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஆஸ்பெஸ்டோசிஸைத் திருப்பி நல்ல நுரையீரலாக்கும் மருந்து கிடையாது. ஆனால் தூசியை விட்டு விலகலாம், தடுப்பூசி போடலாம், மூச்சுப் பயிற்சி செய்யலாம், முற்றிக்கொண்டே போகும் தழும்பின் வேகத்தைக் குறைக்க நின்டெடனிப் போன்ற மருந்து இருக்கிறது. நுரையீரல் புற்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் அறுவைசிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. மீசோதீலியோமாவை முன்னதாகப் பிடித்தால் ஆயுள் கூடுகிறது என்று இதுவரை எந்தப் பரிசோதனையும் நிரூபிக்கவில்லை. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இதைச் சொல்லாமல் பரிசோதனைகளை ஒப்பிடுவது நேர்மையாக இருக்காது. நண்பருக்கு மீசோதீலியோமா வந்த பயத்தில் ஸ்கேன் எடுக்கப் போகிறவர், அந்த ஸ்கேனால் தடுக்க முடியாத ஒன்றுக்காகத்தான் போகிறார்.

சும்மா இருப்பது

இதைக் கேலியாக ஒதுக்க மாட்டேன். சில மாதங்கள் மட்டும் எப்போதாவது தூசி பட்ட, புகைபிடிக்காத, 40 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு இன்றைக்கே ஸ்கேன் எடுத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. நோய் வருவதானால்கூட அதற்குரிய காலம் இன்னும் வரவில்லை. சுத்தமாக வரும் முடிவைப் பார்த்து ‘தப்பித்தேன்’ என்று நினைத்துப் பழையபடி முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஷீட்டை அறுக்கப் போனால், அந்த ஸ்கேன் அவருக்குக் கெடுதல்தான் செய்திருக்கிறது.

மற்றவர்கள் காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூச்சு வாங்குவது உடம்புக்குத் தெரிய வருவதற்குள் நுரையீரல் நிறைய இழந்திருக்கும். கையில் பலம் உள்ள தொழிலாளி அதை உணரவே மாட்டார். வயசாகிறது, எடை கூடிவிட்டது என்று காரணம் சொல்லிக்கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்வார். முன்பு ஒரே மூச்சில் ஏறிய சாரத்தை இப்போது பாதியில் நின்று ஏறுகிறோம் என்பதை அவரைவிடக் கூட வேலை செய்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

எக்ஸ்ரே

பழகிய பரிசோதனை, சில நொடிகளில் முடிவது, கதிர்வீச்சு மிகக் குறைவு. தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே எக்ஸ்ரேயை எப்படிப் படிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு முறை வைத்திருக்கிறது. மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நிழல்களின் அடர்த்தியை 12 படிகளில் தரம் பிரிப்பார்கள். அமெரிக்காவில் இதற்குத் தேர்வு எழுதித் தகுதி பெற்ற மருத்துவர்களை ‘பி ரீடர்’ என்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘தூசி நோய்க்கான அந்த முறைப்படி இந்தப் படத்தைப் படிப்பீர்களா?’ அப்படிப் படிக்காவிட்டால், லேசான தழும்பு ‘வயதுக்கேற்ற மாற்றம்’ என்று கடந்துபோய்விடும்.

எக்ஸ்ரேயின் குறை இரண்டு. தொடக்கநிலை ஆஸ்பெஸ்டோசிஸ் அதில் தெரியாமல் போவது உண்டு. படம் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. இரண்டாவது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் 1,54,901 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றால் இறப்பது குறையவில்லை. புற்றைத் தேட எக்ஸ்ரே உதவாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆகவே எக்ஸ்ரேக்கு நான் கொடுக்கும் இடம் சிறியது: தூசி பட்டுப் பத்தாண்டு ஆனவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படைப் படம். அதன்பின் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் விடலாம்.

ஊதிப் பார்க்கும் சோதனை

ஸ்பைரோமெட்ரி என்ற பெயர் பலருக்குத் தெரியாது. குழாயை வாயில் வைத்து மூச்சு தீரும்வரை ஊதுவது என்றால் தெரியும். எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு. கதிர்வீச்சு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். நுரையீரல் பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிற சோதனை இது.

அதில் இரண்டு எண்களைக் கவனியுங்கள். முழு மூச்சையும் இழுத்து முழுவதுமாக வெளியேற்றும் காற்றின் மொத்த அளவு ஒன்று. அதில் முதல் நொடியில் மட்டும் வெளிவந்த அளவு மற்றொன்று. ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு நுரையீரலை விறைக்கச் செய்வதால் மொத்த அளவு குறையும். ஆனால் முதல் நொடியில் வெளிவரும் விகிதம் அப்படியே இருக்கும். புகைபிடித்து மூச்சுக்குழாய் சுருங்கியவருக்கு நேர்மாறு: காற்று மெதுவாக வரும், விகிதம் விழும். இரண்டும் சேர்ந்திருப்பவருக்குப் படம் குழம்பும். கட்டடத் தொழிலாளர்களில் சிமென்ட், மணல் தூசியும் புகையும் சேர்ந்தவர்கள் அதிகம் என்பதால் இந்தக் குழப்பத்தை அடிக்கடி எதிர்பார்க்கலாம். அப்போது அடுத்த படியாக வாயுப் பரிமாற்றச் சோதனை இருக்கிறது. மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து 10 நொடி அடக்கி வெளியே விட வேண்டும். ரத்தத்துக்குள் எவ்வளவு போனது என்று அளப்பார்கள். காற்றறைச் சுவர் தடித்திருந்தால் இந்த அளவு முதலில் விழுவது உண்டு.

ஊதுவதில் ஒரு சூட்சுமம்: சோதனை உங்கள் முயற்சியை நம்பியிருக்கிறது. அரைமனதாக ஊதினால் நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதுபோல வரும். நன்றாக நடத்துகிறவர் குறைந்தது மூன்று முறை ஊதச் சொல்வார்; மிகச் சிறந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடியும் ஊதச் சொல்வார். ஒரே ஒரு தடவை ஊதவைத்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. தாளில் ‘எதிர்பார்க்கும் அளவில் 85 சதவீதம்’ என்று வந்தால் நார்மல் என்றுதான் சொல்வார்கள். உடல் உழைப்பால் 110 சதவீதத்தில் இருந்த ஒரு தொழிலாளி 85க்கு வந்திருந்தாலும் அதே ‘நார்மல்’தான். வயதால் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைவது இயல்பு. அதைவிட வேகமாக, பல ஆண்டுகளாகத் தொடர்ந்து குறைகிறதா என்று பார்க்கப் பழைய தாள் கையில் இருக்க வேண்டும். நுரையீரலை மற்றவரோடு ஒப்பிடுவதைவிட உங்களோடே ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனையின் பலம். அதனால்தான், தூசியில் ஓராண்டேனும் தொடர்ந்து வேலை செய்த எவரும் வயது பார்க்காமல் இதை ஒருமுறை செய்து தாளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்கிறேன்.

குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்

எல்லோரும் கேட்பது இதைத்தான். நுரையீரல் புற்றைத் தேடுவதற்கு இதுவரை பலன் நிரூபிக்கப்பட்ட ஒரே வழியும் இதுதான். அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான, நெடுங்காலம் புகைபிடித்த 53,454 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை இந்த ஸ்கேன் எடுத்தார்கள், மற்றவர்களுக்கு எக்ஸ்ரே. ஸ்கேன் பிரிவில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 20 சதவீதம் குறைவு என்று 2011இல் முடிவு வந்தது. 320 பேரைப் பரிசோதித்தால் ஓர் உயிர் தப்பும் என்பது அந்தக் கணக்கு. ஐரோப்பாவில் நடந்த ‘நெல்சன்’ ஆய்வு 2020இல் ஆண்களிடையே 24 சதவீதக் குறைவைக் காட்டியது.

உயிர் தப்பியதற்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வில் ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக நாலில் ஒருவருக்கு ‘ஏதோ இருக்கிறது’ என்று வந்தது. அப்படி வந்தவர்களில் 96 சதவீதம் பேருக்குப் புற்று இல்லை. பழைய தொற்றின் வடு, சின்ன நிணநீர் முடிச்சு என்று ஏதோ ஒன்று. ஆனால் அது தெரியவரும்வரை மறு ஸ்கேன், சிலருக்கு ஊசி போட்டுத் திசு எடுப்பது, தூக்கமில்லாத மாதங்கள். இப்போது சின்னப் புள்ளிகளை எப்படித் தரம் பிரிப்பது என்று நெறிமுறை வந்துவிட்டதால் இந்தத் தவறான எச்சரிக்கைகள் குறைந்திருக்கின்றன, ஒழிந்துவிடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் பட்டவருக்கு இது இன்னும் கூடுதல். தழும்புத் திட்டுகளும் உறையில் சுருண்டு கிடக்கும் நுரையீரல் பகுதியும் ஸ்கேனில் கட்டிபோலவே தோன்றக்கூடும். அதனால் இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் போவது இங்கே மற்றவர்களைவிட உங்களுக்கு அவசியம்.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஸ்கேனுக்குச் சுமார் 1.5 மில்லிசீவர்ட். உலகில் எவரும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். 60 வயதில் ஆண்டுக்கு ஒரு ஸ்கேன் என்பது ஏற்கத்தக்கது. 35 வயதில் தொடங்கி ஆண்டுதோறும் எடுப்பது வேறு விஷயம்.

யாருக்கு என்பதில்தான் சிக்கல். அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2021இல் சொன்ன வரம்பு: 50 முதல் 80 வயது, 20 பாக்கெட் ஆண்டுகள் புகைத்திருக்க வேண்டும், இன்னும் புகைப்பவராகவோ விட்டு 15 ஆண்டுக்குள்ளானவராகவோ இருக்க வேண்டும். ஒரு பாக்கெட் ஆண்டு என்றால் தினம் 20 சிகரெட் வீதம் ஓராண்டு. தினம் 10 என்றால் இரண்டாண்டு. இந்த வரம்பில் ஆஸ்பெஸ்டாஸ் கணக்கிலேயே வரவில்லை. தொழிலாளிக்கு இது நியாயமில்லை. 15 ஆண்டு மட்டும் புகைத்த, ஆனால் 25 ஆண்டு பழைய குழாய் உறை பிய்த்த ஒருவரின் ஆபத்து, 20 ஆண்டு புகைத்த அலுவலக ஊழியரைவிடக் குறைவாக இருக்க வழியில்லை. ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர் குழு 2014இல் இதைச் சரிசெய்தது: தூசியும் புகையும் சேர்ந்தோ, தூசி மட்டுமோ, ஒருவரின் ஆபத்தை அந்தப் பெரிய அமெரிக்க ஸ்கேன் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் அளவுக்கு உயர்த்தினால் அவருக்கும் ஸ்கேன் பொருந்தும் என்றது. நான் இந்தப் பக்கம். உங்கள் மருத்துவர் ‘சிகரெட் கணக்கு போதவில்லை’ என்று மறுத்தால், இந்த ஹெல்சிங்கி வழிகாட்டுதலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை

மீசோதீலின் என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்து மீசோதீலியோமாவைக் கண்டுபிடிக்கலாம் என்று விற்கிறார்கள். நோய் ஏற்கெனவே உறுதியானவரைக் கண்காணிக்க அதற்கு ஒரு பயன் உண்டு. நலமாக இருப்பவருக்குத் தேடுகிற சோதனையாக வேண்டாம். நோய் இருந்தும் சுத்தம் என்று காட்டும், இல்லாமலும் பயமுறுத்தும்.

இந்த வரிசையில் வராத ஒரு வழி

புகைபிடிப்பவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வெப்ப உறை போடும் தொழிலாளர்கள் சுமார் 17,800 பேரை மருத்துவர் செலிகாஃப் தலைமையிலான குழு 1967 முதல் பின்தொடர்ந்தது. 1979இல் வந்த எண்கள் இவை. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த வெளியாட்களில், தூசியும் இல்லாமல் புகையும் இல்லாமல் வாழ்ந்தவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 11 பேர் நுரையீரல் புற்றால் இறந்தார்கள். தூசி மட்டும் பட்டவர்களில் 58. புகை மட்டும் என்றால் 123. இரண்டும் சேர்ந்தால் 602. ஐந்து மடங்கும் பதினொரு மடங்கும் சேர்ந்து பதினாறாக வேண்டியது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

அதே தொழிலைச் சேர்ந்தவர்களைப் பின்னாளில் தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில் நம்பிக்கை தரும் பாதியும் கிடைத்தது. புகையை விட்டவர்களின் நுரையீரல் புற்று இறப்பு பத்தாண்டுக்குள் பாதியானது; முப்பது ஆண்டு ஆனபோது, அதே தூசியில் வேலை செய்து ஒருபோதும் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கியது. இழையை வெளியே எடுக்க எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் அந்த இழைக்குத் துணைநிற்கும் புகையை நிறுத்த முடியும். ஸ்கேன் இருபது சதவீதம் குறைக்கிறது, புகையை விடுவது பாதியைக் குறைக்கிறது. விட முயன்று தோற்றவர் மனம் தளர வேண்டியதில்லை. நிகோடின் ஒட்டுப்பட்டையும் மாத்திரையும் ஆலோசனையும் சேரும்போது வெறும் மனஉறுதியைவிட வெற்றி அதிகம். மீசோதீலியோமாவுக்குப் புகையோடு தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்ததாக நினைக்கக்கூடாது.

மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டால்

மேலே சொன்னதெல்லாம் தொந்தரவு இல்லாதவருக்கு. மூச்சிரைப்பு, விடாத வறட்டிருமல், ஒரு பக்க நெஞ்சு வலி, சளியில் ரத்தம், காரணமில்லாமல் மெலிவது, விரல் நுனி உருண்டு தடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எது நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கட்டம் முடிந்துவிட்டது. மருத்துவர் முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்து, மூச்சு இழுத்து முடியும் நேரத்தில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பதுபோன்ற சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பின் வேண்டியது நுரையீரலைத் துல்லியமாகக் காட்டும் முழு சி.டி.; தேடும் வகைக் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் இங்கே போதாது. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். தூசியால் புற்றில்லாமலும் நீர் கோக்கும். ஆனால் அப்படித்தான் என்று பரிசோதிக்காமல் முடிவுகட்டக்கூடாது.

நானாக இருந்தால்

முப்பத்தைந்து வயது எலெக்ட்ரீஷியன், புகைப்பதில்லை, பத்தாண்டாகப் பழைய கட்டடங்களில் வயர் இழுக்கிறார். அவருக்கு ஸ்பைரோமெட்ரி ஒன்று, அடிப்படை எக்ஸ்ரே ஒன்று, அதோடு நிறுத்துவேன். அவருடைய நேரத்தை வேலை செய்யும் விதத்தை மாற்றச் செலவிடச் சொல்வேன். வேலை தொடங்கும் முன்பே அந்தப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பரிசோதிக்கக் கேட்பது, உலர வைத்து அறுக்காமல் நனைத்துச் செய்வது, விளக்குமாறு போடாமல் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவது எல்லாம் முகமூடிக்கு முன்னால் வருபவை. முகமூடி என்றால் பிரிட்டன் விதிப்படி குறைந்தது எஃப்.எஃப்.பி.3 தரம், அமெரிக்க விதி தூக்கியெறியும் வகையையே இந்த வேலைக்கு ஏற்பதில்லை, மாற்று வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி கேட்கிறது. தாடி இருந்தால் எதுவும் ஒட்டி நிற்காது.

ஐம்பத்தெட்டு வயதுத் தச்சர், முப்பது ஆண்டு வேலை, தினம் 15 சிகரெட், இன்னும் விடவில்லை. இவருக்கு நான் தயங்க மாட்டேன்: ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன், ஸ்பைரோமெட்ரி, அந்த முதல் சந்திப்பிலேயே புகையை விடுவதற்கான மருந்துச் சீட்டு. ஸ்கேன் சுத்தமாக வந்ததைப் புகைப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்வார் என்றால் சீட்டை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஸ்கேனுக்கு அனுப்புவேன்.

ஓய்வுபெற்ற வெப்ப உறை போடும் தொழிலாளி, 67 வயது, புகைத்ததே இல்லை, எக்ஸ்ரேயில் தழும்பு தெரிகிறது. இங்கே நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. புகைக்காதவர் என்பதால் பல நாடுகளின் வரம்புக்குள் இவர் வரமாட்டார். 2013 ஆய்வில் ஆஸ்பெஸ்டோசிஸ் வந்த, புகைக்காத தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றால் இறக்கும் ஆபத்து சுமார் ஏழு மடங்காக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபிறகு இவரை வரம்புக்கு வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஒரு முழு சி.டி. எடுத்து ஆஸ்பெஸ்டோசிஸ் உண்மைதானா என்று உறுதிசெய்வேன். உண்மையென்றால் ஆண்டு ஸ்கேனை அவரோடு பேசி முடிவு செய்வேன். வெறும் உறைத் தழும்புத் திட்டு மட்டும் என்றால் ஆண்டு ஸ்கேன் தேவையில்லை என்று சொல்லி, மூச்சு அளவை மட்டும் பார்த்துவரச் சொல்வேன்.

கூட எடுத்துப் போக வேண்டிய நோட்டு

எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் அதன் முடிவை மாற்றக்கூடியது உங்கள் வேலை வரலாறு. ‘கட்டட வேலை’ என்று இரண்டு சொல்லில் சொன்னால் மருத்துவர் எழுதிக்கொண்டு கடந்துவிடுவார். ஒரு நோட்டில் எழுதுங்கள்: முதன்முதலில் தூசி பட்ட ஆண்டு, எந்தெந்தக் கட்டடம், என்ன வேலை, ஷீட்டா பலகையா குழாய் உறையா தெளித்த பூச்சா, கைரம்பமா மின்ரம்பமா, அறைக்குள்ளா திறந்த வெளியிலா, கூட இருந்தவர் யார், தினம் எத்தனை சிகரெட், எந்த ஆண்டு முதல். நீங்களே அறுக்காவிட்டாலும் பக்கத்தில் ஒருவர் அறுத்தபோது நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். பிரிட்டனில் உரிமம் தேவைப்படும் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்வோரின் உடல்நலப் பதிவுகளை முதலாளி 40 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வேலையை விட்ட பிறகும் 30 ஆண்டு. நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால்தான் அந்த விதி. ஆனால் கட்டட வேலையில் முதலாளிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பாதிப் பேர் கணக்கே வைத்திருக்க மாட்டார்கள். நாளைக்கு இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் பேசப்போவது இந்த நோட்டும் பழைய ஸ்பைரோமெட்ரி தாள்களும்தான்.

கடைசிப் பக்கம் வீட்டில் உள்ளவருக்கு. லண்டனில் மீசோதீலியோமா வந்தவர்களின் வாழ்க்கையை விசாரித்து 1965இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததைத் தவிர வேறு தொடர்பே இல்லாதவர்கள் 9 பேர் இருந்தார்கள். வேலை உடுப்பை வாங்கித் துவைத்தவர்களும் அவர்களில் உண்டு. உங்கள் உடுப்பை யார் துவைத்தார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, உதறிவிட்டுத் துவைத்தாரா என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். அவருக்கு மூச்சு வாங்கினால் அவருடைய மருத்துவரிடம் காட்டவேண்டியதும் இந்தப் பக்கத்தைத்தான்.